ரிக் போன பிறகும் துளை இருக்கும்

கனிமத் தேடலில் தண்ணீரைக் காப்பது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தரையில் சிந்தும் டீசல். அது கண்ணில் படும், மண்ணோடு அள்ளிவிடலாம். எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை, விட்டுச்செல்லும் துளைதான். மேலே உப்பு நீர், கீழே நல்ல நீர், நடுவே இறுகிய களிமண் என்று இருக்கும் இடத்தில் துளை போட்டால், இரண்டையும் இணைக்க நாமே வழி திறந்துவிட்டதாக ஆகும். கிணற்று நீர் கரிக்கத் தொடங்கும்போதுதான் அது தெரியவரும். அதற்குள் ரிக், அதாவது துளையிடும் இயந்திரம், வேறெங்கோ போயிருக்கும்.

ஆகவே ரிக் வருமுன்பே, சுற்றியுள்ள கிணறு, ஊற்று, ஓடை எல்லாவற்றிலும் நீர்மட்டம், பிஎச், மின்கடத்துதிறன் எடுத்து வைக்க வேண்டும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறையாவது எடுப்பது அவசியம். நீர்மட்டத்தை ஒவ்வொரு முறையும் கிணற்று விளிம்பில் பெயின்ட் அடித்த அதே குறியிலிருந்து அளக்க வேண்டும். கரைந்த உலோகங்களுக்கான மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகே நைட்ரிக் அமிலம் விட வேண்டும். முதலில் அமிலத்தை விட்டால் வண்டலில் ஒட்டியிருக்கும் உலோகமும் கரைந்து, நீரில் இல்லாத மாசு இருப்பதாகக் காட்டும்.

துளையிடும்போது உள்ளே செலுத்தி மேலே திரும்பி வரும் நீரின் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு 3 மீட்டர் துளைத்து முடியும்போதெல்லாம் தொட்டி மட்டத்தை ஆழத்தோடு சேர்த்துக் குறிக்க வேண்டும். திரும்பும் நீர் சட்டென்று குறைந்தால், பாலிமர் கலந்த நீர் ஏதோ வெடிப்பு வழியாகப் பாறைக்குள் போகிறது என்று பொருள். அந்த வெடிப்பு பக்கத்து ஊற்றில் போய் முடியலாம். மீட்டர் கணக்கு ஏற வேண்டும் என்ற அவசரத்தில் பம்பைக் கூட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நிறுத்தி, கெட்டியான பெண்டோனைட்டால் (நீரில் ஊதும் களிமண்) அடைத்துப் பார்க்க வேண்டும். அடைபடாவிட்டால் அந்தப் பகுதிக்குச் சிமென்ட் போட்டு, இறுகிய பின் மறுபடி துளைக்க வேண்டும். தாமதம்தான், வேறு வழியில்லை.

எச்.கியூ. என்ற அளவில் போடும் துளையின் விட்டம் 96 மில்லிமீட்டர், அதிலிருந்து எடுக்கும் கோரின் (பாறை உருளையின்) விட்டம் 63.5. அதாவது மீட்டருக்குச் சுமார் 4 லிட்டர் பாறை மாவாகி வெளியே வருகிறது. இந்த மாவு லேசில் படியாது. ஒரே குழியில் விட்டால் கலங்கலாகவே வழிந்து ஓடைக்குப் போகும், மீன் முட்டைகளின் மேல் படியும். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட இரண்டு மூன்று குழிகளைத் தொடராக வெட்டி, மழைக்கென்று மேலே இடம் விட வேண்டும். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மின்னும் பாறையாக இருந்தால் அந்த மாவைத் திறந்தவெளியில் கொட்டிவிட்டுப் போகவே கூடாது. காற்றும் ஈரமும் பட்டால் அமிலம் ஊறும். ராடு (துளையிடும் குழாய்) மரைகளுக்குத் தடவும் கிரீஸில் ஈயம் இல்லை என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

மூடும் வேலையில்தான் பொறுமை போய்விடுகிறது. ஆட்கள் அடுத்த இடத்துக்குக் கிளம்பும் மனநிலையில் இருப்பார்கள். மேலிருந்து பெண்டோனைட் துண்டுகளைக் கொட்டினால் பாதி வழியிலேயே ஊறிப் பாலம் கட்டிக்கொள்ளும், அதற்குக் கீழே வெற்றிடம். உப்பு நீரில் அது சரியாக ஊதுவதும் இல்லை. ராடையோ ஒரு குழாயையோ அடிவரை இறக்கி, சிமென்ட் பாலைக் கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். மட்டம் ஏற ஏறக் குழாயை உயர்த்தலாம், ஆனால் அதன் முனை எப்போதும் சிமென்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் நீர் கலந்தால் ஏறக்குறைய 41 லிட்டர் சிமென்ட் பால் கிடைக்கும். எச்.கியூ. துளை மீட்டருக்கு 7.2 லிட்டர் பிடிக்கும். 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 18 மூட்டை. 10 மூட்டையிலேயே வாய்வரை வந்துவிட்டால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. துளை நடுவில் இடிந்து அடைத்திருக்கிறது, கீழ்ப்பகுதி நிரம்பவில்லை. 30 மூட்டை போட்டும் ஏறவில்லையென்றால் வெடிப்பு விழுங்குகிறது. காலி மூட்டைகளை எண்ணி ஆழத்தோடு பதிவேட்டில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

மறுநாள் காலையில் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். சிமென்ட் இறங்கியிருக்கும், சில துளைகளில் ஓரிரு மீட்டர்கூட. அதை நிரப்பி, மட்டம் நின்றுவிட்டதா என்று மறுபடி பார்த்த பிறகே கேசிங்கை (துளையின் வாய் இடியாமல் இறக்கிய குழாயை) தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி மண் போட வேண்டும்.