கிலோவுக்குக் கிலோ

தாண்டிக்குடிப் பக்கம் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். வேதிவினைக்கூறு விகிதம் (எந்தப் பொருள் எவ்வளவுக்கு எவ்வளவு வினைபுரியும் என்ற கணக்கு) பாடம் வந்தால் போர்டோ கலவையில்தான் தொடங்குவேன்; மயில்துத்தமும் சுண்ணாம்பும் நீரில் கலந்த பூஞ்சைக்கொல்லி அது. காப்பிக்குள் மிளகுக்கொடி ஏற்றிய தோட்டங்கள் இங்கே நிறைய. வாடல் நோய்க்கு 1 சதவீதக் கலவை அடிப்பதைப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறார்கள்.

மயில்துத்தத்தின், அதாவது தாமிர சல்பேட் படிகத்தின், மோலார் நிறை (ஒரு மோலின் எடை) 249.7 கிராம். படிகத்துக்குள் இருக்கும் 5 நீர் மூலக்கூறுகளும் இதில் சேர்த்தி. அதை மறந்து நீரில்லாத துத்தத்தின் 159.6 போட்டால் கணக்கே சாய்ந்துவிடும். ஆக, ஒரு கிலோவில் 4.005 மோல். மோலுக்கு மோல் நீற்றுச் சுண்ணாம்பு (மோலார் நிறை 74.1) என்று வைத்தால் 4.005 × 74.1, சுமார் 297 கிராம் போதும். (வீழ்படிவு வெறும் தாமிர ஹைட்ராக்சைடு அல்ல, சல்பேட்டும் கலந்தது. கணக்குப் பழக மோலுக்கு மோல் என்பது போதும்.)

உடனே ஒரு பிள்ளை எழுந்தாள். "டீச்சர், எங்கப்பா நூறு லிட்டருக்குக் கிலோவுக்குக் கிலோ போடுறாரு. அப்போ எழுநூறு கிராம் வீணா?"

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பாடத்தை எனக்குப் பிடிக்கும். 297 என்பது முழுத் தூய்மையான சுண்ணாம்புக்கு. மூட்டையில் இருப்பதில் மணல் உண்டு, வேகாத கல் உண்டு. காற்றுப் பட்டால் கரியமில வாயுவை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாகவும் மாறும். 60 சதவீதம்தான் நல்லது என்றால் 297-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும்: 495 கிராம். சுண்ணாம்பு மிஞ்சினால் பெரிய கெடுதல் இல்லை. துத்தம் மிஞ்சினால் இலை கருகும். அதனால்தான் தாராளமாகப் போடுகிறார்கள்.

சனிக்கிழமை அவர்கள் தோட்டத்துக்கே போனேன். இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றினார் அவள் அப்பா. நல்ல வான நீலம். இரும்புக் கத்தியைத் துடைத்து உள்ளே விட்டு எடுத்தார்; வினைபுரியாத தாமிரம் கரைசலில் இருந்தால் இரும்பில் செந்நிறமாகப் படியும். அலகில் செந்நிறம்! கிலோவுக்குக் கிலோ போட்டும் தாமிரம் மிஞ்சியிருக்கிறது.

"மூட்டை போன வருசத்துதுங்க டீச்சர். வாய் கட்டாம கிடந்துச்சு."

அந்த ஒரு கிலோவில் 297 கிராம்கூடத் தேறவில்லை. வினைக்கட்டுப்பாட்டுக் காரணி (முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்தும் பொருள்) சுண்ணாம்புதான் என்று பிள்ளை எனக்கு முன்னால் சொல்லிவிட்டாள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து புதுச் சுண்ணாம்பு வாங்கிக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். மூன்றாம் முறை கத்தி வெள்ளையாகவே வந்தது. அதன் பிறகே ஸ்பிரேயரில் ஊற்றவிட்டாள்.