டிப்பர் வயரிங் ரீகால்: ஜாப் கார்டு கைக்கு வரும் வரை

சங்ககிரி பக்கம் கிரஷரில் ஜல்லி, எம்-சாண்ட் அடிக்கிற டிப்பர் ஒன்று வைத்திருக்கிறேன், செகண்டில் வாங்கியது. அந்த மாடலில் வயரிங் கோளாறு, கொண்டு வாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று கம்பெனி அறிவித்த ரீகால் தகவல் எனக்கு வரவேயில்லை. லோடுக்கு நின்றபோது பக்கத்து வண்டி டிரைவர் சொல்லித்தான் தெரியும். ஆர்சி என் பேருக்கு மாறி நாளாகியும் ஷோரூம் கணக்கில் பழைய ஓனரின் போன் நம்பர்தான் கிடந்தது. அதனால் செகண்ட் வண்டிக்காரர்கள் யாரும் காத்திருக்க வேண்டாம், 17 எழுத்து சேஸிஸ் நம்பரைச் சொல்லி நீங்களே சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

கோளாறு இதுதான். பேட்டரியில் இருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகிற தடித்த கேபிள் ஒரு பிராக்கெட்டில் உரசுகிறது. எங்கள் எலக்ட்ரீசியன் அண்ணன் அடியில் படுத்து, அப்பியிருந்த கல்தூளைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார்: கறுப்பு உறை அந்த இடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்து, உள்ளே செம்பு இழை மினுங்குகிறது. 24 வோல்ட் வண்டி, அந்த லைனில் ஃபியூஸும் இல்லை. செம்பு சேஸிஸில் பட்டால், சாவியை எடுத்துவிட்டு நிறுத்தின வண்டிகூடப் பற்றிக்கொள்ளும். அன்றே ரப்பர் சுற்றி பிராக்கெட்டை விட்டுத் தள்ளிக் கட்டினார், ராத்திரி நிறுத்தும்போதெல்லாம் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைத்தோம்.

சர்வீஸ் சென்டரில் பார்ட்ஸ் இல்லை, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். டியூ கட்டுகிற வண்டியை எப்படி விடுவது? வந்ததும் கூப்பிடுங்கள் என்று திரும்பிவிட்டேன்.

பார்ட்ஸ் வந்த பிறகுதான் உண்மையான இழுபறி. பாடி கட்டும்போது போட்ட எல்ஈடி, ஏர் ஹாரன் வயரைப் பார்த்த சூப்பர்வைசர், "ஏனுங்க, வெளி ஆள் கை வச்ச வயரிங்குக்கு ரீகால் எடுக்காதுங்க" என்றார். இந்த ஊரில் வெளி ஆள் கை வைக்காத டிப்பரை எங்கே போய்த் தேடுவது! நல்லவேளை எலக்ட்ரீசியன் அண்ணனும் கூட வந்திருந்தார். "அது லைட் லைனுங்க, தனி ஃபியூஸ் போட்டிருக்குது. ஸ்டார்ட்டர் கேபிள் பக்கம் நாங்க போகவே இல்லீங்க" என்று தொட்டுக் காட்டினார். நான் சத்தம் போடவில்லை. "சரிங்க, முடியாதுங்கறதையே ஜாப் கார்டுல எழுதிக் கொடுத்துடுங்க, போதும்" என்றேன். ஜாப் கார்டு என்பது வண்டியில் என்ன வேலை என்று சர்வீஸ் சென்டர் எழுதித் தருகிற சீட்டு. உள்ளே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தவர், வண்டியை அடியில் வேலை பார்க்கிற பிட்டுக்கு ஏற்றச் சொன்னார்.

கம்பெனி தானாக அறிவிக்காவிட்டாலும் அரசே ரீகாலுக்கு உத்தரவிட மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகளும் நடப்பில் உள்ளன, ஏழு வருசத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு.

வேலை முடிந்ததும் புது கேபிள், கிளாம்ப், உறை எல்லாவற்றையும் குனிந்து பார்த்தேன். ஜாப் கார்டில் ஜெனரல் செக்கப் என்று எழுதியிருந்தார்கள், விடவில்லை, ரீகால் நம்பர் போட்டு மாற்றி வாங்கினேன். அது இல்லாவிட்டால் அவர்கள் கணக்கில் வேலை பாக்கி என்றே கிடக்கும், நாளைக்கு வண்டியை விற்கும்போது நம் பேச்சை யார் நம்புவார்கள்? டேப், டை என்று பில்லில் சேர்த்திருந்த சில்லறையையும் எடுக்க வைத்தேன். ஓடாமல் போன லோடு வாடகையை மட்டும் யாரும் தரமாட்டார்கள்.