ஒற்று பார்ப்பது கடைசி வேலை

நாவலை எழுதி முடித்ததும் பலரும் முதலில் கைவைப்பது ஒற்றுப்பிழையில்தான். வேண்டாம். பத்தாம் அத்தியாயமே போகப்போகிறது என்றால் அதற்கு ‘க்’கும் ‘ப்’பும் போட்ட உழைப்பு வீண். அதைவிடக் கெடுதல், பிழை நீக்கிப் பளிச்சென்று ஆக்கிய பக்கத்தை வெட்ட மனம் வராது.

ஒரு மாதமாவது கோப்பைத் திறக்காதீர்கள். பிறகு அச்செடுத்து, பேனாவை எடுக்காமல் முழுக்க வாசியுங்கள். அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: இதில் என்ன மாறுகிறது? அந்த வரி வராத அத்தியாயம் பக்கத்து அத்தியாயத்தோடு சேரும், இல்லையேல் போகும்.

அடுத்த சுற்று மரியாதை விகுதிக்கு. முதல் அத்தியாயத்தில் ‘வந்தார்’ என்று கதைசொல்லி குறிப்பிட்டவர் ஐந்தாவதில் ‘வந்தான்’ ஆகியிருப்பார். உறவு மாறியதால் விகுதி மாறினால் அது கலை. எழுதியவர் மறந்ததால் மாறினால் பிழை. உரையாடலையும் ஒவ்வொரு பாத்திரமாகப் பிரித்து வாய்விட்டு வாசியுங்கள். ‘அவங்க’ என்று பேசுகிறவள் நீண்ட வசனத்தின் நடுவில் ‘அவர்கள்’ என்று வழுக்குவது காதில்தான் பிடிபடும்.

பாத்திரத்தின் பெயரை மாற்றுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘செல்வம்’ என்ற பெயரைக் கணினியில் மொத்தமாக மாற்றினால் செல்வத்தை, செல்வத்திடம், செல்வமும் எல்லாம் பழையபடியே நிற்கும். வேற்றுமை உருபு ஏறும்போது ‘ம்’ கெட்டுவிடுகிறது, ‘உம்’ சேரும்போது ‘மு’ ஆகிவிடுகிறது அல்லவா. ‘செல்வ’ என்று மட்டும் தேடி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால் ‘செல்வாக்கு’ம் சிதைந்துபோகும்.

இப்போது ஒற்று. ‘ஐ’ உருபுக்கும் ‘கு’ உருபுக்கும் பின் வல்லினம் மிகும்: கதையைப் படித்தாள், ஊருக்குப் போனாள். ‘படித்த கதை’ போன்ற பெயரெச்சத்தில் மிகாது. இந்த மூன்றைச் சரிபார்த்தாலே பக்கம் வெகுவாகத் துப்புரவாகும். திரையில் கண்ணை ஏமாற்றும் தட்டச்சுப் பிழைகளும் உண்டு: துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ நிற்கும், ‘ஔ’ என்ற ஒரே எழுத்து ‘ஒ’, ‘ள’ என இரண்டாகக் கிடக்கும்.

இனி பதிப்பகத்துக்கு அனுப்புவது. யூனிகோடில் தட்டச்சிட்ட வேர்ட் கோப்பே பாதுகாப்பு. பிடிஎஃப் மட்டும் அனுப்பினால், அதிலிருந்து எழுத்தைப் பிரதியெடுக்கும்போது கொம்புகள் இடம் மாறி, வடிவமைப்பாளர் திரும்பத் தட்டச்சிட வேண்டிவரலாம். 12 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, பக்க எண். இத்துடன் ஒரு பக்கக் கதைச்சுருக்கம்; அதில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். பின்னட்டைக் குறிப்பு போல மர்மம் வைத்தால், கதை எங்கே போய் நிற்கிறது என்று ஆசிரியர் குழுவுக்குத் தெரியாது.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்கு முந்தைய மூன்று மாதமும் பதிப்பகங்கள் அச்சு வேலையில் மூழ்கியிருக்கும். புதுப் பிரதியை நிதானமாக வாசிக்க ஆளிருக்காது. காட்சி முடிந்து பிப்ரவரி கடந்தபின் அனுப்புங்கள். ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பினால் அதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.