அறுபதாவது மீட்டரில் ஒரு முளை

நில அளவர் வேலையில் எனக்கு மனசுக்கு நெருக்கமானவை முக்கோணக் கொல்லைகள். எவ்வளவு கோணலான நிலமாக இருந்தாலும் புலப்படத்தில் (நிலத்தின் அளவு வரைபடத்தில்) ஜி லைன் எனும் குறுக்குக் கோடுகள் போட்டு முக்கோணங்களாக உடைத்துத்தான் பரப்பு எடுத்திருப்பார்கள். முக்கோணத்தை ஒழுங்காகப் பிரிக்கத் தெரிந்தவனுக்கு எந்த நிலமும் பயமில்லை.

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு மானாவாரிக் கொல்லை. மல்லாட்டை பிடுங்கி முடிந்திருந்த நேரம். அண்ணன் தம்பி பாகம். சாலையோரம் 120 மீட்டர், மற்ற இரண்டு வரப்பும் 170 மீட்டர், 85.4 மீட்டர். பின்பக்க மூலையில் ஒரு பனைமரம். நான் போவதற்கு முன்பே பனையிலிருந்து சாலைக்குக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள்.

"மூலையைச் சரிபாதியாப் பிரிச்சுட்டோம் சார். நீங்க கல்லு நட்டாப் போதும்" என்றார் அண்ணன். தம்பியும் தலையாட்டினார்.

கயிறு சாலையைத் தொட்ட இடத்தை அளந்தேன். அண்ணன் பக்கம் 80 மீட்டர், தம்பி பக்கம் 40. கோணத்தைப் பாதியாக்கினால் எதிர்ப்பக்கம் பாதியாகாது. பக்கத்து வரப்புகளின் நீள விகிதத்தில்தான் பிரியும். 170க்கு 85.4, கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று. நிலமும் அப்படியே பிரியும். பேசாமல் கல்லை நட்டிருந்தால் தம்பி தன் பாதியில் 800 சதுர மீட்டர், ஏறக்குறைய 20 சென்ட், இழந்திருப்பார். இரண்டு பேருமே கள்ளமில்லாமல்தான் கட்டியிருந்தார்கள். எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்கியது.

கயிற்றை அவிழ்த்து, சாலையில் 60 மீட்டரில் ஒரு முளை அடித்து, அங்கிருந்து பனைக்கு இழுத்துக் கட்டச் சொன்னேன். மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்குப் போகும், பள்ளிக்கூடத்தில் படித்த நடுக்கோடு அதுதான். ஆனால் அண்ணன் முகம் மாறிவிட்டது. "என் பக்கம் வாலு மாதிரி ஒல்லியாப் போகுதே சார். தம்பிக்குக் கட்டுசெட்டா இருக்கு. இது எப்படிச் சரிபாதி?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு துண்டும் பார்வைக்குக் கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை. இரண்டுக்கும் அடிப்பக்கம் 60, உச்சி ஒரே பனை, அதனால் குத்துயரமும் ஒன்றே, 80 மீட்டர் என்று விளக்கினேன். ஆனால் அந்தக் குத்துயரம் அவர்கள் கொல்லைக்குள் விழவே இல்லை. சாலையை 30 மீட்டர் நீட்டினால் பக்கத்துக் கொல்லைக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் விழும். தன் நிலத்துக்கு வெளியே நிற்கும் உயரத்தை அவர் எப்படி நம்புவார்?

தம்பி மகள் ஒன்பதாம் வகுப்பு. "மூணு பக்கமும் தெரிஞ்சா ஹெரான் சூத்திரம் போடலாமே, பெரியப்பா" என்றாள். அவளுக்கு அந்த வருடப் பாடம். நடுக்கோட்டை டேப் வைத்து அளந்து 120.4 என்று சொன்னேன். கொல்லை மேட்டில் குந்தி, என் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் பெரியப்பா துண்டை முதலில் போட்டாள்: 60, 120.4, 170. பாதிச் சுற்றளவு 175.2. பெருக்கலை இரண்டு தடவை அடித்துத் திருத்தி, கடைசியில் 2398. அப்புறம் அவள் அப்பா துண்டு: 60, 120.4, 85.4. மறுபடியும் 2398. முழு நிலம் 4800, அதில் பாதி 2400. தசமத்தைச் சுருக்கியதில் இரண்டு குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

அண்ணன் அந்தத் தாளை வாங்கி, விரலால் இரண்டு விடைகளையும் தொட்டுப் பார்த்தார்.

மூன்று பங்கு என்று வந்தால் வேலை இன்னும் நுணுக்கம். தமிழ்நாட்டில் 1989 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று ஆனதால் அக்காவோ தங்கையோ கூட வந்து நிற்பார்கள். மூன்று நடுக்கோடுகளும் சந்திக்கும் புள்ளியிலிருந்து மூன்று மூலைக்கும் கோடு போட்டால் மூன்று சம பாகம் கிடைக்கும். காகிதத்தில் அழகுதான். ஆனால் சாலை ஒரே பக்கம் இருந்தால் ஒரு பங்குக்குத்தான் வழி இருக்கும். அதனால் நான் சாலைப் பக்கத்தையே மூன்று சம துண்டாக்கி, எதிர் மூலைக்குக் கோடு இழுப்பேன்.

அன்றைக்குக் கல் நட்ட பிறகும் அண்ணன் விடவில்லை. "பரப்பு சரி சார். வேலி போட்டா எனக்கு 350 மீட்டர் வருது, தம்பிக்கு 266தானே?" சுற்றளவு சமமாக இருக்க வேண்டியதில்லை, அவர் சொன்னது சரியான கணக்கு. நான் பதில் சொல்வதற்குள் தம்பி, "நடு வேலிச் செலவு முழுக்க என்னோடது, அண்ணே" என்றார்.