நாகநதிக் கரையிலிருந்து காவலூர் இறக்கம் வரை: இரண்டு நாள் சைக்கிள் பயணம்

நேற்று இரவு பதினோரு மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தோம். தொடை இன்னும் வலிக்கிறது, உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். ஆனாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். வழி, செலவு, தங்குமிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத்தான் ஆசை. முடிகிறதா பார்ப்போம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலூர்ப் பக்கம் யார் கியர் வைத்த மலை சைக்கிள் வாங்கினாலும் நேராக ஏலகிரிக்குத்தான் போகிறார்கள். 14 கொண்டை ஊசி வளைவு, மேலே போய் ஒரு போட்டோ, இறக்கத்தில் பிரேக் கருகும் வாடை. முழுக்கத் தார் ரோடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் பின்னால் கார்க்காரர்கள் விடாமல் ஹார்ன் அடிப்பார்கள். இதற்கு அகலமான டயரும் முன் ஷாக்கும் எதற்கு? நம் ஊரிலேயே ஆற்றங்கரை இருக்கிறது, ஏரிக்கரை இருக்கிறது, ஜவ்வாது மலை மேல் ஊருக்கு ஊர் வண்டித்தடம் இருக்கிறது. அங்கே போங்கள்.

நானும் சித்தப்பா மகனும் சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு வேலூர்ப் பாகாயத்திலிருந்து கிளம்பினோம். அடுக்கம்பாறை, கணியம்பாடி வரை சொல்ல ஒன்றுமில்லை. லாரி, தூசி, ஒரு டீ.

கணியம்பாடி தாண்டி உள்ளே திரும்பியதும் நாகநதி. அமிர்திப் பக்கத்து மலையில் பிறந்து, கண்ணமங்கலம் வழியாக ஆரணிப் பக்கம் போகிற ஆறு. நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் இதை ஆறு என்று சொன்னால் சிரிப்பார்கள். மணல் கூட மிஞ்சாத பள்ளம். அப்புறம் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள்தான் தடுப்பணை கட்டி, ஆற்றோரம் உறைகிணறு இறக்கி, மழைத்தண்ணீர் பூமிக்குள் போக வழி செய்தார்கள். ஒரு கிணற்றின் ஓரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தேன். சிமெண்ட் உறைக்கு உள்ளே கூழாங்கல் நிரப்பி வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே ஆற்றில் முழங்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். பொங்கல் முடிந்து இரண்டு வாரம் ஆகியும் தண்ணீர்! எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆற்றங்கரைத் தடத்தில் மணலும் உண்டு, கெட்டி மண்ணும் உண்டு. மணல் வந்தால் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். டயர் அகலமாகப் படிந்து மேலேயே உருளும், புதையாது. சித்தப்பா மகன் கேட்கவில்லை. முன் சக்கரம் மணலில் இறங்கி, ஆள் கைப்பிடிக்கு மேலே பறந்தான். நல்ல வேளை, விழுந்ததும் மணலிலேயே.

மணலை விட மோசம் வேலிக்காத்தான் முள். கரையோரம் வெட்டிப் போட்ட சின்னக் கிளைகள் காய்ந்து கிடக்கின்றன. என் பின் டயரில் ஏறியது ஒன்றரை அங்குல முள், உள்ளே போய் ட்யூபை இரண்டு இடத்தில் குத்தியிருந்தது. ஒரு ஓட்டையை ஒட்டிவிட்டுக் காற்றடித்தால் மறுபடி இறங்குகிறது. ட்யூபைத் தண்ணீருக்குள் முக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் எதிர்ப்பக்கத்து ஓட்டை தெரிந்தது. டயரின் உட்புறத்தை விரலால் தடவி, முள்ளின் நுனி மிச்சம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே ட்யூபைப் போடுங்கள். இதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

அமிர்தி வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர்தான். ஆனால் சுற்றிச் சுற்றி வந்த எங்களுக்கு மதியம் இரண்டாகிவிட்டது. சின்ன உயிரியல் பூங்காவையும் அருவியையும் நான் பலமுறை பார்த்தாயிற்று, அதனால் உள்ளே போகவில்லை. மலை ஏற்றத்தை மிதித்துப் போனால் இருட்டிவிடும், கரடி இருக்கிற காடு. அதனால் ஒரு குட்டி யானை, அதாவது சின்னச் சரக்கு வண்டி, பேசினோம். ஜமுனாமரத்தூர் வரை 1,200 ரூபாய், சைக்கிள் இரண்டும் சேர்த்து. மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மேலே போய் இறங்கியதும் அந்த ஆள், "சைக்கிளுக்குத் தனியா எண்ணூறு ஆகும் சார்" என்கிறார். "அண்ணா, சேர்த்துத்தானே பேசினோம்?" என்றால், "அது ஆளுக்குப் பேசினது" என்கிறார். வண்டியின் பின்னால் சைக்கிளைக் கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இருட்டப் போகிறது, குளிர் ஏறுகிறது. கடைசியில் 1,700 கொடுத்து அவிழ்த்தோம். ஐந்நூறு ரூபாய் அநியாயம். எங்கள் இரண்டு பேரின் இரண்டு நாள் சாப்பாட்டில் பாதி அது. இனி யார் போனாலும் பேசிய தொகையை அவர் கண் முன்னாலேயே போனில் எழுதிக் காட்டிவிட்டு, சைக்கிளை உங்கள் கயிற்றால் நீங்களே கட்டுங்கள்.

அந்தக் கடுப்பு முழுவதையும் ஒரு சாப்பாடு தீர்த்தது. அறைக்கு 900 கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு அம்மா வீட்டுத் திண்ணையில் நடத்தும் மெஸ்ஸுக்குப் போனோம். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு. அந்த மலைச் சாமையே வேறு. பொலபொலவென்று இருக்கிறது, குழம்பை ஊற்றினால் உடனே இழுத்துக்கொள்கிறது, மென்றால் லேசாக ஒரு கொட்டை வாசம். மிளகும் காய்ந்த மிளகாயும் அம்மியில் அரைத்த மசாலா. "இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோ தம்பி, மெறிச்சிகினு வந்திருக்க" என்று கேட்காமலே மூன்றாம் முறை வைத்தார்கள். வயிறார இரண்டு பேர் சாப்பிட்டு 260 ரூபாய். நட்சத்திர ஓட்டலில் ஆயிரம் கொடுத்தாலும் இந்தச் சோறு கிடைக்காது.

ஞாயிறு காலைதான் நான் காத்திருந்த பகுதி. ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர்ப் பக்கம் போகும்போது தார் ரோட்டை விட்டு, ஊர்களுக்கு நடுவே போகிற வண்டித்தடங்களைப் பிடித்தோம். செம்மண், வேர், உருண்டைக் கல், பள்ளத்தில் சின்ன ஓடை, உடனே ஒரு மேடு. பெரிய ஏற்றம் கிடையாது. இரண்டாம் கியரில் மூச்சு வாங்காமல் ஏறலாம். ஒரு பக்கம் சாமை அறுத்த தாள், இன்னொரு பக்கம் புளியமரம், பனியில் நனைந்த மூங்கில். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஹார்ன் சத்தம் கேட்கவில்லை.

ஒரு ஊர் முகப்பில் ரோடு முழுக்கக் கொள்ளுக்கொடி பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் மேலே ஏறி மிதித்தே கொள்ளு உதிர்ந்துவிடும். நானும் ஏறினேன். பத்தடி போவதற்குள் பின் சக்கரம் இறுகி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் பின் பற்சக்கரங்களுக்கு நடுவில் கொடி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது, செயினை மாற்றிவிடுகிற சின்னச் சக்கரம் இரண்டிலும் சுற்றி அதன் கையையே உள்ளே இழுத்திருக்கிறது. இன்னும் ஒரு மிதி மிதித்திருந்தால் ஒடிந்திருக்கும். அங்கே ஒடிந்தால் பத்தாயிரம் கொடுத்தாலும் உதிரி கிடையாது. ஒரு ஆயா அரிவாளோடு வந்து உட்கார்ந்து, "இழுக்காத, அறுத்து எடு" என்று நுனியால் ஒவ்வொரு நாராக அறுத்து எடுத்தார். இருபது நிமிடம். காசு கொடுக்கப் போனால் கோபித்துக்கொண்டார். கொள்ளு பரப்பிய ரோட்டில் இறங்கித் தூக்கிக்கொண்டு நடங்கள், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஊர்த்தடத்தில் ஓட்டுங்கள், காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். வழக்கு போடுவார்கள், போடவும் வேண்டும். பழைய வட ஆற்காட்டை 1989-ல் பிரித்து, வேலூரை 2019-ல் மறுபடி பிரித்ததில் இந்த ஒரே மலை இப்போது வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டத்தில் கிடக்கிறது. எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கத்து வன அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் கூண்டு மரங்களுக்கு மேலே தெரியும். உள்ளே இருப்பது 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-ல் திறந்தது. 1988-ல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்திருக்கிறார்கள். முந்தின இரவு ஜமுனாமரத்தூரில் தலைக்கு மேலே பார்த்த வானத்துக்கு, ஏன் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கவே தோன்றாது.

காவலூரிலிருந்து ஆலங்காயம் இறக்கம்! இதற்காகவே இன்னொரு முறை போவேன். இருபுறமும் காடு, வளைந்து வளைந்து கீழே. இது தார் ரோடுதான், நான் மேலே திட்டிய அதே தார். ஆனாலும் வண்டியே இல்லாததால் அந்தத் திட்டு இங்கே செல்லாது. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டுப் பிடியுங்கள், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள். குரங்கு திடீரென்று குறுக்கே வரும்.

ஆலங்காயத்தில் ஒரு சைக்கிள் கடையில் என் ட்யூபுக்கு ஒழுங்காகப் பஞ்சர் ஒட்டினோம், 120 ரூபாய். வாணியம்பாடிவரை சமதளம். அங்கே வேலூருக்குக் காலியாகத் திரும்பிய காய்கறி வண்டிக்காரர் 400-க்கு ஏற்றிக்கொண்டார், இறங்கும்போதும் அதே 400. நடுவில் ஆம்பூரில் நிறுத்தி மூன்று பேரும் பிரியாணி சாப்பிட்டோம். சீரகச் சம்பா அரிசி, புளிப்பான கத்திரிக்காய்த் தொக்கு. பசியில் சுவை பற்றி நான் சொன்னால் நம்பாதீர்கள், ஆனால் நன்றாக இருந்தது.

இரண்டு பேருக்கும் சேர்த்துச் செலவு: ஏற்றிப் போன வண்டி 1,700, அறை 900, சாப்பாடும் டீயும் 1,150, பஞ்சர் 120, திரும்பிய வண்டி 400. மொத்தம் 4,270. அந்த ஐந்நூறு இல்லாவிட்டால் நான்காயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். மார்ச் பாதியில் வெயில் மண்டையைப் பிளந்துவிடும், ஓடைகளும் வற்றிவிடும். அடுத்த மாதம் படவேட்டுப் பக்கம் செண்பகத்தோப்பு அணையைச் சுற்றி ஓட்டலாம் என்று இருக்கிறோம். போளூரிலிருந்து சைக்கிள் ஏற்றிப் போக, பேசின காசுக்கு வருகிற வண்டிக்காரர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.