வெட்டிய குளத்துக்கு மானியம் கிடையாதாம்

புல் மண்டிக் கிடந்த நிலத்தை மீன்வளத்துறையினர் வந்து படமெடுக்கும் முன்பே குளம் வெட்டியதில் எனக்கு 84,000 ரூபாய் மானியம் போனது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீன்குளத்துக்கு மனு போடப் போகிறவர்கள் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நான் மனு போட்டபோது புதுக் குளம் வெட்ட ஹெக்டேருக்கு 7 லட்சம் செலவு என்று கணக்கு. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் அதில் 60 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 40. எங்களுடையது 0.2 ஹெக்டேர். நிலம் எனக்கு அப்பா எழுதிக் கொடுத்தது என்பதால் மனுவும் என் பெயரிலேயே. வீட்டுக்காரர் பெயரில் போட்டிருந்தால் 56,000தான் வரும்.

முதல் அடி பட்டாவில். செட்டில்மெண்ட் பத்திரம் என் பெயரில் இருந்தாலும் பட்டாவில் அண்ணன் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. மனு கொடுத்த அன்று மீன்வளத்துறை அலுவலக எழுத்தர் சிட்டாவைப் புரட்டிப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து நானாகப் போய்க் கேட்டால், கட்டுக்கு அடியிலிருந்து உருவி நீட்டுகிறார்: "கூட்டுப் பட்டா எடுக்க மாட்டோம்மா." நான் போட்ட பின்னைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து சேர ஒன்றரை மாதம். ஆதார், பாஸ்புக், எஸ்டிமேட் எல்லாம் ஒரே நாளில் முடிந்தன.

அதற்குள் மே மாதம் பாதி ஓடிவிட்டது. எங்கள் பக்கம் டெல்டா. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் சில நாட்களில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும். "வயல் நனைஞ்சா வண்டி இறங்காது அக்கா, அப்புறம் தை மாசம்தான்" என்றார் பொக்லைன்காரர். கள ஆய்வுக்கு எப்போது வருவீர்கள் என்று நான்கு முறை போன் செய்தேன். நான்காவது முறை, "நீங்க வேலையை ஆரம்பிங்க, வந்து பாத்துக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். யார் என்று பெயர் கேட்டு வைக்காதது என் முட்டாள்தனம். வெட்டிவிட்டோம்.

ஜூன் கடைசியில் ஆய்வாளர் வந்தார். கரையில் நின்று பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே இருக்கிற குளம்தானே" என்றார். கொட்டிய மண் இன்னும் ஈரம்கூடக் காயவில்லை! வெட்டுவதற்கு முன் இடத்தோடு பதிவாகும் படம் அவர்களே எடுக்க வேண்டுமாம், அனுமதி ஆணை கையில் வந்த பிறகுதான் மண்வெட்டியையே தொட வேண்டுமாம். போனில் சொன்னது கணக்கில் சேராது. போனில் யார் எதைச் சொன்னாலும் எழுதிக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், கிளம்பும்போது அவர்தான் வழியும் காட்டினார். குஞ்சு, தீவனம், உரத்துக்கான உள்ளீட்டு மானியம் தனி. அதற்குக் குளம் புதிதாக இருக்க வேண்டியதில்லை. ஹெக்டேருக்கு 4 லட்சம் கணக்கு, அதிலும் 60 சதவீதம் என்பதால் எனக்கு 48,000. அந்த மனுவில் ஒரே தடங்கல் பில். தவிடு வாங்கிய மில்லில் துண்டுச் சீட்டுதான் கொடுப்பார்கள், அது செல்லாது. என் பெயர், தேதி, எடை போட்ட பில்லுக்காக இரண்டு முறை அலைந்தேன்.

குஞ்சு விஷயத்தில் மட்டும் நான் ஏமாறவில்லை. தரகர் ஒருவர் வீடு தேடி வந்தார். "கோழிக் கழிவு போட்டாப் போதும்மா, ஆறு மாசத்தில எடுத்துடலாம்" என்றார். என்ன மீன் என்று கேட்டால் "கெளுத்தி" என்று மட்டும் சொல்கிறார். பாலித்தீன் பையைத் தூக்கிப் பார்த்தேன். தட்டைத் தலை, நாட்டுக் கெளுத்தியைப் போல இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி. மத்திய அரசு 2000-லேயே தடை செய்த மீன். எங்கள் குளத்து வடிகால் வாய்க்காலில் விழுந்து ஆற்றுக்குப் போகிறது. ஐப்பசி மழையில் கரை வழிந்தால் அந்த மீன் ஆற்றில்தான் இருக்கும், கையில் கிடைக்கிற குஞ்சையெல்லாம் தின்னும். ஒரு பக்கம் மீன்வளத்துறை நாட்டு மீன்களைப் பெருக்க ஆற்றில் கெண்டைக் குஞ்சு விடுகிறது, இன்னொரு பக்கம் அந்தக் குஞ்சைத் தின்பவனை நாம் அனுப்புவதா? இந்த வாய்க்காலில் சின்ன வயதில் துண்டு வீசிக் குறவை பிடித்தவள் நான். இப்போது ஜிலேபி மீன்தான் அகப்படுகிறது.

அரசுப் பண்ணையிலிருந்து கட்லா, ரோகு, மிர்கால் என்று கெண்டை வகையில் 2,000 விரலளவுக் குஞ்சுகள் வாங்கி விட்டோம். பையோடு அரை மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பிறகுதான் திறந்தேன். வடிகால் குழாய் வாயில் இரட்டை வலை கட்டியிருக்கிறேன். தீவனம் தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான். கடலில் பிடித்த பொடிமீனை அரைத்த தீவனம் கெண்டைக்குத் தேவையே இல்லை.

உள்ளீட்டு மானியம் போன மாதம் வங்கிக்கு வந்துவிட்டது. இப்போது அண்ணனும் பக்கத்துத் துண்டில் குளம் வெட்ட மனு போட்டிருக்கிறார். ஆய்வாளர் வந்து படமெடுக்கும்வரை அந்தப் புல்லில் ஆட்டைக்கூட மேயவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.