எந்தத் தேதியில் காசு வரும்?

திருகோணமலை மாவட்டத்தின் தெற்கே, மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்துக் கிராமங்களில் ஓர் உதவி அமைப்பின் கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். முன்பு நிவாரணம் என்றால் உலர் உணவுப் பொதிதான். அரிசி, பருப்பு, மா, சீனி, எண்ணெய் எல்லாம் கட்டி லொறியில் ஏற்றிக்கொண்டு போவோம். 2022 பொருளாதார நெருக்கடியின்போது நாங்களும் காசாகவே கொடுக்கத் தொடங்கினோம். கொடுத்த பிறகு வீடு வீடாகப் போய், எதற்குச் செலவானது, என்ன மாறியது என்று கேட்டு எழுதுவது என் பொறுப்பு. அப்படிக் கேட்டதில் எனக்கு நன்றாக உறைத்த விஷயம் இது: எவ்வளவு காசு என்பது முக்கியம்தான், ஆனால் அது என்றைக்கு வரும் என்று வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது அதே அளவு முக்கியம்.

அந்த வருடம் எப்படி இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியதில் வயல் அடிவாங்கியது. வயல் அடிவாங்கினால் வயலில் கூலி வேலையும் இல்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவு விலை ஒரே வருடத்தில் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. கூலி அப்படி ஏறவில்லை. பருப்பு வாங்குவதையே நிறுத்திவிட்ட வீடுகளுக்குள் நான் போயிருக்கிறேன்.

ஒரு குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கணவர் கூலி வேலைக்குப் போவார், வேலை இல்லாத நாளில் களப்பில் வலை வீசுவார். மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவர் வீட்டைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் கச்சான் (நிலக்கடலை) போடுவார். மூன்று பிள்ளைகள், கூடவே மாமியார். மாரி தொடங்கினால் கூலியும் இல்லை, களப்புக்கும் போக முடியாது. கார்த்திகை, மார்கழி முழுக்கக் கடையில் கடன் எழுதுகிற கொப்பியில்தான் வாழ்க்கை ஓடும்.

அந்தக் கொப்பியை அக்கா எனக்குக் காட்டினார். மூலை மடங்கிப்போன எண்பது பக்கக் கொப்பி. மா 1, பருப்பு 250, தேங்காய் 1, சவர்க்காரம் 1 என்று வரிசையாக எழுதியிருந்தது. ஒரு பொருளுக்கும் எதிரே விலை இல்லை. கணக்குப் பார்க்கிற அன்றைக்குத்தான் கடைக்காரர் விலை போடுவார். அன்றைய விலை எதுவோ அதுதான். கேள்வி கேட்டால் அடுத்த மாதம் கொப்பி கிடைக்காது. கடைக்காரரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, அவரும் மொத்த வியாபாரியிடம் கடனில் நிற்கிறவர். ஆனாலும் வாங்குகிறவருக்கே விலை தெரியாத ஒரு கணக்கில் ஒரு வீடு வருடக்கணக்காக ஓடியிருக்கிறது என்பது என்னால் எளிதில் கடந்துபோகக்கூடிய விஷயமாக இல்லை.

கச்சான் கதையும் இதே மாதிரிதான். விதையை வியாபாரி முன்கூட்டியே கடனாகத் தருவார். "விதை கடனா எடுத்தா, பிடுங்கிற அண்டைக்கே அவருக்குத்தான் குடுக்கணும் மிஸ். காயவைக்கவும் ஏலாது" என்றார் அக்கா. ஈரக் கச்சானுக்கு என்ன விலை சொல்கிறாரோ அதுதான்.

எங்கள் காசு மாதாமாதம் ஒரே வாரத்தில் வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியது. முதல் மாதக் காசில் கொப்பிக் கடனில் பாதியை அடைத்தார்கள். முழுவதையும் அடைத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது, மறுபடி கொப்பிதான் என்று அக்கா கணக்குப் போட்டிருந்தார். அடுத்த மாதம் விதைக் கச்சானைக் கைக்காசு கொடுத்து வாங்கினார். மாசியில் பிடுங்கியதை முற்றத்தில் காயவைத்துச் சாக்கில் கட்டிவைத்து, மூதூரில் இருந்து வந்த இன்னொரு வியாபாரியிடமும் விலை கேட்டு, அப்புறம்தான் விற்றார். நிலம் அதே நிலம், மழையும் அதே மழைதான். அவசரம் மட்டும் இல்லாமல் போயிருந்தது.

மூத்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பஸ் காசு இல்லாத நாளில் வீட்டில் நின்றுவிடுவாள். மாணவர்களுக்கு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் மாத சீசன் டிக்கெட் உண்டு, மலிவும்கூட. ஆனால் மாதத் தொடக்கத்தில் ஒரே தடவையில் கட்ட வேண்டும். அன்றன்றைய கூலியில் ஓடுகிற வீட்டில் அந்தச் சின்னத் தொகைகூட ஒன்றாகச் சேராது. மாதக் காசு வந்த பிறகு சீசன் எடுத்தார்கள், பிள்ளை நாள் தவறாமல் போனாள்.

"காசாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள்" என்ற பேச்சு கூட்டத்துக்குக் கூட்டம் வரும். அலுவலகத்திலும் வரும், ஊர்ப் பெரியவர்களிடமும் வரும். குடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் காசு கொடுப்பதற்கு முன்பும் குடித்தவர்கள். 2014 இல் உலக வங்கியின் ஆய்வாளர்கள் இருவர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, காசு உதவியால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. நான் போன வீடுகளிலும் காசு முதலில் கடனுக்கும் சாப்பாட்டுக்கும்தான் போனது. அரிசிப் பொதி கொடுத்தால் ஒழுக்கமாக இருப்பார்கள், காசு கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்று நினைப்பது அந்த மக்களை அவமதிப்பதாகவே எனக்குப் படுகிறது. பொதியை விற்றுத்தான் பலர் மருந்து வாங்கினார்கள், அதுவும் பாதி விலைக்கு விற்று.

இன்னொரு ஆய்வை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. சுனாமிக்குப் பிறகு களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்பவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் பெறுமதியான உதவியைக் காசாகவோ பொருளாகவோ கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் இலாபம் நன்றாகக் கூடியது, பெண்களின் தொழிலில் கூடவில்லை. ஏன் என்று பொருளியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். என் அனுபவத்தில் பெண் கையில் வந்த காசைத் தேடி முதலில் வருவது வீடுதான், பிள்ளையின் காய்ச்சலும் மாமியாரின் கிளினிக்கும். தொழில் அதற்குப் பிறகு. அதனால்தான் ஒரே தடவையில் கொடுத்துவிட்டு "தொழில் வளர்ந்ததா?" என்று கேட்பது நியாயமில்லை என்கிறேன்.

அரசாங்கமும் 2023 இல் வறிய குடும்பங்களுக்கான பழைய சமுர்த்தி உதவிக்குப் பதிலாக அஸ்வெசும என்ற திட்டத்தைக் கொண்டுவந்து, காசை நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறது. 2025 தொடக்கத்தில் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாய் என்றும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 என்றும் கூட்டினார்கள். பெரிய மனிதர்களுக்கு அது சின்னக் காசு. எங்கள் பக்கம் அது பல நாள் கூலி. பட்டியலில் பெயர் வராதவர்களின் வேதனையும் பெரிதுதான். வேலி ஒன்றாக இருக்கிற இரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்கு மட்டும் வந்தால் அடுத்த கோயில் திருவிழா வரை பேச்சு இருக்காது. மேன்முறையீட்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது.

ஒரு திட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. பெயரை விடுகிறேன். விதைப்புக்கு முன் புரட்டாதியில் தருவதாகச் சொன்ன காசு மார்கழியில்தான் வந்தது. தொகையில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அதற்குள் எல்லோரும் வியாபாரியிடம் விதையைக் கடனாக எடுத்துவிட்டார்கள், இரண்டு மூன்று பேர் காதுத் தோட்டையும் அடகு வைத்திருந்தார்கள். வந்த காசு வட்டிக்கே போனது. அறிக்கையில் "முழுமையாக வழங்கப்பட்டது" என்று எழுதினார்கள்.

நான் சொன்ன குடும்பத்துக்கு எங்கள் உதவி முடிந்துவிட்டது, அஸ்வெசும மட்டும் வருகிறது. மாரியில் கொப்பியில் மறுபடி எழுதுகிறார்கள். ஆனால் விதைக் கச்சானைச் சொந்த விளைச்சலில் இருந்தே எடுத்துவைத்துக்கொள்கிறார்கள், அதற்காக யாரிடமும் போவதில்லை. அடுத்த திட்ட முன்மொழிவு இப்போது தயாராகிறது. தொகை எவ்வளவு என்ற பக்கத்துக்குக் கீழே, ஆவணி முடிவதற்குள் காசு கணக்குக்கு வர வேண்டும், தேதியை ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கணக்குப் பிரிவு அது கஷ்டம் என்கிறது. அந்த வரியை எடுக்க நான் சம்மதிக்கவில்லை.